பார்க்காத படத்தின் பாதிப்பு: மேற்கத்திய விஞ்ஞானப் புனைவும் ஜப்பானிய அனிமேயும்

ஜப்பானிய அனிமே பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது: "அதெல்லாம் இங்கிலீஷ் படத்தைப் பார்த்துச் செஞ்சதுதானே." இதை மறுத்து, எல்லாமே ஜப்பானிய மரபிலிருந்து முளைத்தவை என்று வாதாடுபவர்களும் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். மூலம் என்று ஒன்று எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் விமர்சகனின் வேலை முடிந்தது. தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரித்ததிலிருந்து நமக்கும் பழகிப்போன பாகுபாடுதான் இது. சரி, முதல்நூலைப் படிக்காமலே ஒருவன் வழிநூல் செய்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தெசுகா ஒசாமு செய்தது அதைத்தான். 1949இல் அவருடைய 'மெட்ரோபொலிஸ்' மங்கா வெளியானது. ஃப்ரிட்ஸ் லாங் 1927இல் ஜெர்மனியில் எடுத்த மௌனப் படத்தின் பெயரும் அதேதான். ஆனால் தாம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை, பத்திரிகையில் வந்திருந்த ஒரேயொரு நிழற்படத்தை, அந்த இயந்திரப் பெண்ணின் படத்தை மட்டுமே பார்த்திருந்ததாகத் தெசுகா பின்னாளில் சொன்னார். ஒரு பிம்பமும் ஒரு தலைப்பும் கையில் கிடைக்கின்றன. கதை கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் அவர் எதை நிரப்பினார் என்பதுதான் கேள்வி.

லாங்கின் படத்தில் இயந்திர மரியா ஒரு சூழ்ச்சிக் கருவி. தொழிலாளர்களை ஏமாற்ற முதலாளி செய்யச் சொன்ன நகல். அவளுக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. கடைசியில் அவளைக் கொளுத்திவிடுகிறார்கள், முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்குகிறார்கள், படம் முடிகிறது. தெசுகாவின் மிச்சிக்கோ தான் மனிதப்பிறவி இல்லை என்பதே தெரியாது. தொண்டையில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் ஆண் பெண்ணாகும், பெண் ஆணாகும். இல்லாத பெற்றோரைத் தேடி அலைகிற அந்தக் குழந்தை, உண்மை தெரிந்ததும் ரோபோக்களைத் திரட்டிக்கொண்டு நகரத்தின்மேல் பாய்கிறது. லாங்கிடம் வெறும் பொருளாக இருந்தது தெசுகாவிடம் தன்னிலையாகிவிடுகிறது. கதை இப்போது இயந்திரத்தின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது.

ஏன் இப்படி? ஷின்டோ மதத்தில் கல்லுக்கும் மரத்துக்கும் ஆவி உண்டு, அதனால் ஜப்பானியர்களுக்கு ரோபோவும் உயிருள்ளதுதான் என்ற விளக்கத்தைப் பலரும் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு சமூகத்தின் வரலாற்றைத் துடைத்துவிட்டு அதன் 'ஆன்மா'வைக் காட்டுகிற வேலை இது. 1949இல் ஜப்பான் அமெரிக்க ராணுவத்தின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அது 1952 வரை நீடித்தது. 1945இல் ஒசாகாவின்மேல் குண்டுகள் விழுந்தபோது தெசுகா அங்கே இருந்தார். யாரோ செய்து கொடுத்த உடலோடு, யாருடைய பிள்ளை என்று தெரியாமல் நிற்கும் மிச்சியை அந்த வருடங்களுக்கு வெளியே வைத்து என்னால் வாசிக்க முடியவில்லை. தமிழில் 'பாதிப்பு' என்றால் கலைச் செல்வாக்கும்தான், சேதமும்தான். தெசுகா விஷயத்தில் இந்த இரண்டு அர்த்தங்களையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

அடுத்த பெரிய பிம்பம் ரிட்லி ஸ்காட்டின் 'ப்ளேட் ரன்னர்' (1982). 2019ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ், விடாத மழை, கட்டட உயரத்துக்கு விளம்பரத் திரையில் சிரிக்கும் ஜப்பானியப் பெண். எண்பதுகளில் ஜப்பானின் பொருளாதாரத்தைக் கண்டு அமெரிக்கா கொண்டிருந்த பயம் இந்த நகரத்தில் ஒளிந்திருக்கிறது. இந்தப் பார்வைக்கு டேவிட் மோர்லியும் கெவின் ராபின்ஸும் 'தொழில்நுட்பக் கீழைத்தேயவாதம்' என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தன்னை மற்றமையாக்கிய அந்தப் பிம்பத்தையே ஜப்பானிய அனிமே எடுத்துக்கொண்டது. சில இடங்களில் இது வெறும் ரசிக வணக்கம். 1987இல் வந்த 'பபுள்கம் க்ரைசிஸ்' தொடரில் ஒரு நாயகியின் பெயர் ப்ரிஸ், அவளுடைய இசைக்குழுவின் பெயர் 'ப்ரிஸ் அண்ட் த ரெப்ளிகண்ட்ஸ்'. இரண்டு பெயருமே ஸ்காட்டின் படத்திலிருந்து வந்தவை.

ஓஷீ மமோருவின் 'கோஸ்ட் இன் த ஷெல்' (1995) வேறு மாதிரி. இரண்டு படங்களிலும் வரும் நிழற்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ப்ளேட் ரன்னரில் ரேச்சல் தன் அம்மாவோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து, தான் மனுஷிதான் என்று நிரூபிக்கப் பார்க்கிறாள். அவளுடைய நினைவுகள் வேறொருத்தியின் நினைவுகள் என்று டெக்கார்ட் சொல்லிவிடுகிறான். பொய் நினைவு அங்கே ரெப்ளிகண்டின் அடையாளம். ஓஷீயின் படத்தில் ஒரு குப்பை வண்டிக்காரர் தன் மகளின் படம் என்று ஒன்றைக் காட்டுகிறார். அதில் அவரும் ஒரு நாயும்தான் இருக்கிறார்கள். மகளே கிடையாது, நினைவு அவர் தலைக்குள் திணிக்கப்பட்டது. இவர் ரோபோ இல்லை. நம்மைப் போன்ற சாதாரண ஆள். பொய் நினைவு இங்கே எவருக்கும் நேரக்கூடியது.

இந்த ஒரு நகர்வில் கதையாடலின் இலக்கணமே மாறிவிடுகிறது. ப்ளேட் ரன்னரில் மனிதனையும் போலியையும் பிரித்துக்காட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது, பரிசோதிக்கும் போலீஸ் இருக்கிறது. ஓஷீயிடம் போலீஸே சைபார்க். குசனாகி வேலையை விட்டால் உடலை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அரசு ரகசிய வேலைக்காக உருவாக்கிய ஒரு மென்பொருள், தானும் ஓர் உயிர் என்று சொல்லி அரசியல் அடைக்கலம் கேட்கிறது. கடைசியில் குசனாகி அதோடு கலந்து, இரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்றாகிறாள். 'எது அசல்' என்ற கேள்விக்கு விடை சொல்லாமல், அந்தக் கேள்வியையே படம் கைவிட்டுவிடுகிறது.

பிறகு பிம்பங்கள் எதிர்த்திசையில் பயணமாகின்றன. வச்சோவ்ஸ்கிகள் ஓஷீயின் படத்தைத் தயாரிப்பாளருக்குப் போட்டுக்காட்டித்தான் 'த மேட்ரிக்ஸ்' (1999) எப்படி இருக்கும் என்று விளக்கினார்கள். திரையில் விழும் பச்சை எழுத்துகளும் பிடரியில் செருகும் கம்பியும் போய்ச் சேர்ந்தன. கலத்தல் போய்ச் சேரவில்லை. மேட்ரிக்ஸில் மனிதர்கள் ஒரு பக்கம், இயந்திரங்கள் மறுபக்கம், நடுவே ஒரு ரட்சகன்.

2017இல் ஹாலிவுட் 'கோஸ்ட் இன் த ஷெல்'லையே திரும்ப எடுத்தது. கட்டடத்திலிருந்து குதிப்பதும் தண்ணீரில் நடக்கும் சண்டையும் அப்படியே இருந்தன. ஆனால் நாயகிக்கு ஒரு மூலம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். நிறுவனம் அழித்த அவளுடைய உண்மையான கடந்தகாலம் திரும்ப வருகிறது, ஜப்பானியத் தாய் கிடைக்கிறாள். கலந்துவிடலாம் என்று அழைக்கப்பட்டதும் அவள் மறுத்துவிடுகிறாள். எந்தக் கேள்வியை ஓஷீ கைவிட்டாரோ அதற்கே விடையும் எழுதியாகிவிட்டது.

பார்க்காமலே செய்த தெசுகாவின் மங்கா லாங்கின் படத்துக்குப் பதில் சொல்கிறது. காட்சிக்குக் காட்சி பார்த்துச் செய்த 2017ஆம் ஆண்டுப் படம் ஓஷீயைக் கேட்கவே இல்லை. 'யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்' என்று பட்டியல் போட்டால் இந்த வித்தியாசம் அதில் வராது. எடுத்தவர் எந்தக் காயத்தோடு எடுத்தார், எடுத்ததில் யாருக்குப் பேச்சுக் கொடுத்தார் என்று கேட்டால்தான் அது பிடிபடுகிறது. மிச்சிக்குப் பேச்சு கிடைத்தது. 1927இல் எரிக்கப்பட்ட மரியாவுக்குக் கிடைக்கவில்லை.