501-வது யூனிட்

இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்குக் கரண்ட் பில் 1,805 ரூபாய். எதிர் ஃபிளாட்டில் 501 ஓடியிருந்தால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு கூடுகிறது.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வீடுகளுக்கு அமலான கட்டண விகிதப்படியான கணக்கு இது. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 2016-இல் வந்த சலுகை. அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு என்ற பாதி விலை, மொத்தப் பயன்பாடு 500-க்குள் நிற்பவர்களுக்கு மட்டும்தான். 500-ஐத் தாண்டினால் அந்த நூறுக்கும் 4 ரூபாய் 70 காசு கட்ட வேண்டும். தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. 600-க்கு மேல் 9.45, 800-க்கு மேல் 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

பில் எகிறியதும் "மீட்டர் வேகமா ஓடுது" என்பதுதான் அடுக்குமாடிவாசிகளின் முதல் சந்தேகம். அதற்கு முன் இந்த விலைப் பட்டியலை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். மார்ச் வரை 300 யூனிட்டில் நின்ற வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 705 ரூபாய். ஏப்ரல், மே மாதங்களில் படுக்கையறையில் ஒன்றரை டன் ஏ.சி. இரவு எட்டு மணி நேரம் ஓடுகிறது. மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் என்றாலும் அறுபது இரவுக்கு 480 யூனிட். மொத்தம் 780. பில் 4,581 ரூபாய். பயன்பாடு இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். பணமோ ஆறரை மடங்கு. மீட்டர் இதில் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதனால் இந்த பில்லைப் போன பில்லோடு ஒப்பிடாதீர்கள். போன வருடம் இதே இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய பில்கள் கிடைக்கும். ஒப்பிட வேண்டியது ரூபாயை அல்ல, யூனிட்டை.

அடுத்து, தேதி. ரீடிங் எடுப்பவர் அறுபதாம் நாள் வர வேண்டியவர் அறுபத்தாறாம் நாள் வந்தால் என்ன ஆகும்? நாளுக்கு 8 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 480 என்று வர வேண்டியது 528 ஆகிவிடும். 1,679 ரூபாய்க்குப் பதில் 2,275 ரூபாய் 20 காசு. அடுத்த தடவை நாள் குறையும், சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். யூனிட் சரியாகும், பணம் சரியாகாது. அடுத்த கணக்கு 54 நாளில் முடிந்து 432 யூனிட் வந்தால்கூட, இரண்டு பில்லையும் கூட்டிப் பார்க்கையில் குடும்பத்துக்கு 293 ரூபாய் 80 காசு நஷ்டம். அந்த வீட்டில் ஒரு விளக்குகூடக் கூடுதலாக எரியவில்லை. ரீடிங் தாமதத்தின் செலவை நுகர்வோர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாதந்தோறும் கணக்கெடுப்போம் என்று திமுக வாக்குறுதி தந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் இரண்டு மாதக் கணக்கே நீடித்தது. 2020 ஊரடங்கில் வீடு வீடாக ரீடிங் எடுக்க முடியாமல் போய், நான்கு மாதக் கணக்கு சேர்ந்து வந்தபோது எழுந்த கொந்தளிப்பைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

பில்லில் வைப்புத்தொகை பாக்கி ஏதும் சேர்ந்திருக்கிறதா, பூட்டிய வீடு என்று போன தடவை பழைய கணக்கையே போட்டார்களா என்பதையும் பார்த்துவிட்டால் காகித வேலை முடிந்தது. இனி மாடிப்படிக்குக் கீழே வரிசையாக மாட்டியிருக்கும் மீட்டர் பலகைக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று பொருள். 3200 போட்ட மீட்டரில், ஆயிரம் வாட் கருவி ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 முறை சிமிட்டும். மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்பதை வீட்டில் இருப்பவரே இதை வைத்து ஓரளவு சோதித்துவிடலாம். ஃப்ரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாட் தெரிந்த ஓர் அயர்ன் பாக்ஸையோ கெட்டிலையோ மட்டும் போட்டு எண்ணினால் போதும். கணக்கு ஏறக்குறைய ஒத்துவந்தால் மீட்டரை விட்டுவிடுங்கள்.

இதைவிட முக்கியமான சோதனை, எல்லாவற்றையும் அணைப்பது. ஒருவர் மீட்டர் அருகே நிற்க, வீட்டில் இருப்பவர் கிளை எம்.சி.பி.கள் (ஒவ்வொரு ஒயரிங் கிளைக்கும் உள்ள தானியங்கி சுவிட்சுகள்) அனைத்தையும் இறக்க வேண்டும். மெயின் அப்படியே இருக்கட்டும். சிமிட்டல் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் மெயினையும் இறக்கிப் பாருங்கள். அதன் பிறகும் சிமிட்டினால், மீட்டருக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் கோளாறு, அல்லது அந்த மீட்டரே உங்களுடையது அல்ல. கட்டடம் கட்டும்போது இரண்டு ஃபிளாட்களின் ஒயர் மாறிப்போய், பலகையில் பெயின்ட்டால் எழுதிய எண் ஒரு வீட்டைச் சொல்ல, மின்சாரம் வேறு வீட்டுக்குப் போவது உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பெரிய பில்லும், ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டுக்குச் சின்ன பில்லும் வருகிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கிளைகளை இறக்கியபோது நிற்காமல், மெயினை இறக்கியதும் நின்றது என்றால்? பெரும்பாலும் நியூட்ரல் கலப்பு. எலக்ட்ரீஷியன்களே பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. மின்சாரம் ஃபேஸ் வழியாக வந்து நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. இப்போதைய ஒருமுனை மீட்டர்களில் பெரும்பாலானவை இரண்டு ஒயரிலும் போகும் கரண்டை அளந்து, எது அதிகமோ அதையே கணக்கில் எடுக்கும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு. ஆனால் ஒயரிங் செய்தவர் ஏதோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் இரண்டு வீட்டின் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிட்டிருந்தால், எதிர் வீட்டு ஏ.சி.யின் கரண்டில் ஒரு பங்கு உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பும். உங்கள் மீட்டர் அதை உங்கள் பேரில் எழுதும். எதிர் வீட்டு மீட்டரும் தன் ஃபேஸில் போனதை முழுசாக எழுதிக்கொள்ளும். ஆக, ஒரே மின்சாரத்துக்கு இரண்டு குடும்பங்கள் பணம் கட்டுகின்றன. பல மீட்டர்களில் 'எர்த்' என்றோ 'ஈ.எல்.' என்றோ குறித்த இன்னொரு விளக்கு இருக்கும். அது எரிந்தால் போவதும் வருவதும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள்.

அந்த விளக்கு எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பணத்தைவிடப் பெரிய விஷயம். கீசரின் சூடேற்றும் கம்பியில் காப்பு கெட்டோ, ஈரச் சுவருக்குள் ஒயர் நைந்தோ மின்சாரம் பூமிக்குள் கசியலாம். ஓர் ஆம்பியர் கசிந்தால் 230 வாட். இரண்டு மாதத்தில் 331 யூனிட். கசியும் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் உடனே விழுந்து காட்டிக்கொடுக்கும். அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. குளியலறையில் உயிரைப் பணயம் வைக்கும் காரியம் அது. தயவுசெய்து வேண்டாம். பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, கிளை எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால் ஒயரிங்கில் எந்தக் கிளையில் கசிவு என்பது தெரிந்துவிடும்.

கசிவும் இல்லை, கலப்பும் இல்லை என்றால் சத்தமில்லாமல் இழுக்கும் கருவிகளைத் தேட வேண்டும். இரவு படுக்கப் போகும் முன் விசிறி, ஏ.சி. எல்லாம் நிறுத்திச் சிமிட்டலை எண்ணுங்கள். நிமிடத்துக்கு ஐந்து என்றால் (3200 மீட்டரில்) ஏறத்தாழ 94 வாட். அறுபது நாளுக்கு 135 யூனிட். பேட்டரி பழசான இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறி முடியாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். கதவு ரப்பர் தளர்ந்த ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓயாது. 75 வாட் விசிறி ஒன்று இரவு பகலாகச் சுற்றினால் இரண்டு மாதத்தில் 108 யூனிட். அரசு தரும் இலவச நூறை அது ஒன்றே தின்றுவிடும். ஏறத்தாழ 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி வாங்குவது 500-ஐ ஒட்டி நிற்கும் வீட்டுக்கு நிச்சயம் லாபம். ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

பொது மீட்டரையும் ஒரு கண் பார்க்க வேண்டும். மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது இணைப்புக் கட்டணம் 2023 நவம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. உங்கள் கட்டடம் தகுதியுள்ளதாக இருந்தும் பழைய விகிதத்திலேயே கட்டிக்கொண்டிருந்தால் சங்கம் உடனே மனுக் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் மீட்டர்மேல் சந்தேகம் தீரவில்லை என்றால், பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். 'மின்னகம்' எண் 94987 94987-இல் புகாரைப் பதியலாம். பதில் திருப்தி தராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம். அதற்கும் மேலே சென்னையில் மின்குறைதீர்ப்பாளர். எங்கு போனாலும் முதலில் கேட்பது ஆதாரம். மாதப் பிறப்பன்று மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருப்பவரின் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம்.

இந்த வாரமே ஒருநாள் கீழே இறங்கிப் போய் உங்கள் மீட்டரைச் சோதித்துவிடுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அந்தச் சிவப்பு விளக்கு சிமிட்டினால் அடுத்த பில் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.