கூட்டு அடமானத்தில் கையொப்பமிடுவோருக்கு

“என் பாதியைக் கட்டிவிட்டேன், இனி எனக்கென்ன பொறுப்பு?” என்று தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. பொறுப்பு தீரவில்லை என்பதே நமது விடை.

தறி போட்டிருக்கும் பொது வீட்டை அண்ணனும் தம்பியும் அடமானம் வைத்து, ரூ. 1,00,000 கடன் பெற்றனர் எனக் கொள்வோம். ஆளுக்குப் பாதி என்பது அவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடே. பத்திரத்தில் வேறு நிபந்தனை இல்லையேல், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43-ஆவது பிரிவின்படி, கடன் கொடுத்தவர் முழுத்தொகையையும் இருவரில் எவரிடமும் கேட்கலாம். அண்ணன் ரூ. 50,000 செலுத்தியதனால் அவருடைய பாதி வீடு தனியே மீளாது. தம்பி தவணை தவறினால் வீடு முழுவதுமே ஏலத்துக்கு வரக்கூடும்.

ஆயினும், உடன் கையொப்பமிட்டவர் உரிமையற்றவர் அல்லர். கடன் முழுவதையும் தீர்த்த அண்ணன், தம்பியின் பங்கை அவரிடம் கேட்டுப் பெறலாம். மேலும், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 92-ஆவது பிரிவின்படி, தம்பியின் பங்கின்மீது கடன் கொடுத்தவருக்கு இருந்த ஈட்டுரிமை அண்ணனைச் சேரும்.

இவ்வுரிமை கைகூட அத்தாட்சி வேண்டும். ஆகவே, தமக்குள் செய்யும் பங்கு ஏற்பாட்டை எழுத்தில் வைத்துக்கொள்க. பத்திரத்தின் நகலைப் பெறுக. செலுத்தும் தொகைக்குத் தம் பெயரிலேயே ரசீது வாங்குக. தவணைதோறும் மொத்தப் பாக்கியை விசாரித்தறிக. மற்றவர் தவறினால் முழுவதையும் நம்மால் கட்ட இயலுமா என்பதைக் கையொப்பத்துக்கு முன்னரே எண்ணிப் பார்ப்பது நலம்.