மேடை வரைபடமும் அதற்கேற்ற மென்பொருளும்

இசை நிகழ்ச்சியொன்றில் யார் எங்கே நிற்பர், எக்கருவி எங்கே வைக்கப்படும், ஒலிவாங்கிகளும் மின்இணைப்புகளும் எங்கே தேவைப்படும் என்பவற்றை ஒரே தாளில் காட்டும் படத்தை மேடை வரைபடம் என்கிறோம். இதனை வரைய இன்று பல மென்பொருள்கள் உள்ளன. பாடகர் குழுவை வெளியூருக்கு அழைத்துச் செல்லும் ஆயர்களும், விழாப் பொறுப்பேற்கும் இறையியல் மாணவர்களும் இவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது என வினவுவதுண்டு. அதற்கு விடை காணுமுன், வரைபடம் யாருக்காக வரையப்படுகிறது என்பதைத் தெளிந்துகொள்ளுதல் நலம்.

அதனை வாசிப்பவர் நம் குழுவினர் அல்லர். நம்மை முன்பின் அறியாத ஒலியமைப்பாளரே. நாம் வந்து சேருமுன் அவர் கம்பிகளை விரித்து, ஒலிவாங்கிகளை நிறுத்திவைக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு நாம் வண்ணப் படங்கள் நிறைந்த வரைபடமொன்றை அனுப்பினோம். அதனை உருவாக்கிய மென்பொருளில் மட்டுமே அக்கோப்பு திறக்கும். ஒலியமைப்பாளரிடம் அம்மென்பொருள் இல்லை. தாளில் அச்சிட்டுக் கொடுத்தபின் வேறொரு குழப்பம் எழுந்தது. சபையார் இருக்கையிலிருந்து நோக்கி நாம் 'இடது' என எழுதியிருந்தோம். மேடைத் தொழிலிலோ, சபையை நோக்கி நிற்பவரின் இடமே இடது. ஆகவே கீபோர்டு மறுபுறம் வைக்கப்பட்டது. வாசிப்பவருக்கு நடத்துநரின் கை தெரியவில்லை. அனைத்தையும் மாற்றியமைக்கச் சபை காத்திருந்தது. கடிந்துகொள்ளப்பட்டவர் ஒலியமைப்பாளர், பிழையோ எம்முடையது.

வரைபடத்தில் இருக்க வேண்டியவை

தாளின் அடிப்புறம் பார்வையாளர் பக்கம் என்பது வழக்கம். படத்துடன் இணைப்புப் பட்டியலும் வேண்டும். எடுத்துக்காட்டாக, நான்கு குரற்பிரிவுகளுக்கு 4 ஒலிவாங்கிகள், தனிப்பாடகர் இருவருக்கு 2, தபலாவுக்கு 2, இருதட ஒலி தரும் கீபோர்டுக்கு 2, மின்கிதாருக்கு 1, ஆக 11 இணைப்புகள். குழுப்பாடலுக்குரிய கண்டென்சர் ஒலிவாங்கிகளுக்குப் பொதுவாக 48 வோல்ட் மின்னூட்டம் தேவை, கீபோர்டுக்கு டி.ஐ. பெட்டி தேவை. பட்டியலின் எண்களே படத்திலும் இடம்பெற வேண்டும். பாடுவோர் தம் குரலைத் தாமே கேட்பதற்கான மானிட்டர் பெட்டிகளையும் மின்முனைகளையும் குறிக்க வேண்டும்.

மென்பொருள் வகைகள்

முதலாவது, பொதுவான வரைகருவிகள். லிப்ரே ஆபிஸ் டிரா, இங்க்ஸ்கேப் ஆகியவை இலவசமானவை. இணையத் தொடர்பின்றி இயங்குபவை. குறியீடுகளை நாமே ஒருமுறை வரைந்துகொள்ள வேண்டும். பின்னர் அவற்றையே பயன்படுத்தலாம்.

இரண்டாவது, இசைக்குழுக்களுக்கென அமைந்தவை. பேண்ட்ஹெல்ப்பர் போன்றவற்றில் பாடல் வரிசையும் மேடை வரைபடமும் ஒன்றாக அமைகின்றன. விரைவில் வரையலாம், எனினும் தபலா, மிருதங்கம் போன்றவற்றின் குறியீடுகள் இல்லாதிருக்கக்கூடும். பெயர் எழுதிய ஒரு கட்டமே அங்குப் போதுமானது.

மூன்றாவது, வெக்டர்வொர்க்ஸ் ஸ்பாட்லைட் போன்ற தொழில்முறைக் கருவிகள். அளவு பிசகாத வரைவும் ஒளியமைப்பும் வேண்டும் பெருமேடைகளுக்கு அவை உரியன. நம் தேவைக்கு மிகை.

தெரிந்தெடுக்கும் முறை

நான்கு வினாக்களால் எதனையும் சோதிக்கலாம். 2008-இல் உலகத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட பிடிஎஃப் வடிவில் கோப்பைத் தருகிறதா? தமிழ் எழுத்துக்கள் சிதையாமல் அச்சாகின்றனவா? வண்ணமின்றி ஏ4 தாளில் அச்சிட்டாலும் படம் விளங்குகிறதா? சந்தா முடிந்தபின்னும், பொறுப்பு வேறொருவருக்கு மாறியபின்னும், பழைய வரைபடத்தைத் திருத்த இயலுமா? இவற்றிற்கு ஆம் என விடை தரும் எளிய கருவியே நமக்கு ஏற்றது.

வரைந்த தாளில் தேதியையும் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணையும் எழுதுதல் இன்றியமையாதது. அனுப்பிய பின்னர், ஒலியமைப்பாளரை அழைத்து, கீபோர்டு எப்பக்கம் இருக்கும் என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேட்போமாக. அவர் விடை நம் எண்ணத்தோடு பொருந்தவில்லையெனில், திருத்த வேண்டியது நம் தாளையே.