மஞ்சளும் மீனெண்ணெயும்

மடவை மீனைக் கழுவி, உப்பும் மஞ்சள்தூளும் பிசறி வைத்துவிட்டுப் புளி கரைக்கும் கடலோரக் கோட்டைக்குப்பத்துச் சமையற்கட்டில், குடல் அழற்சி நோய்க்கு உபாயமாகுமா என்று வைத்திய உலகம் கருத்தூன்றிப் பரீட்சித்த பொருள்களில் இரண்டு, அதாவது மஞ்சளும் மீனின் கொழுப்பும், ஒரே சட்டியில் சேர்கின்றன.

இரத்தமும் சீதமும் கலந்த பேதி மாதக்கணக்கில் நீடித்து, அக்கம்பக்கத்தார் அதை மூலச்சூடு என்றும் சீதபேதி என்றும் சொல்ல, மோரும் மாதுளந்தோலும் கொடுத்துப் பார்த்த பின்னர் பொன்னேரிக்கோ சென்னைக்கோ போய், அது குடல் அழற்சி நோயின் வகைகளான பெருங்குடல் புண் அழற்சி என்றோ கிரோன் நோய் என்றோ அறிந்து, மருந்து நெடுங்காலம் வேண்டும் என்று கேட்டவருக்கு, நாட்டு வைத்தியத்தின்மீது மனம் செல்வது சுபாவமே. அந்த நாட்டத்தை நான் இகழேன். ஆனால் குடலில் வரும் காசநோயும் கிரோன் நோயும் பரிசோதனையிலும் ஒன்றுபோலத் தோன்றி வைத்தியர்களையே மயக்கும் தேசம் இது. நோய் இன்னதென்று தெளியுமுன் கைமருந்தில் நாள் கடத்துவது பேராபத்து.

மஞ்சளின் சத்தான குர்குமினை, பெருங்குடல் புண் அழற்சி தணிந்திருந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் 6 மாதம் ஜப்பானில் கொடுத்துப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். குர்குமின் உண்ட 43 பேரில் 2 பேருக்கும், வெற்று மருந்து உண்ட 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. இரு சாராரும் தங்கள் வழக்கமான மருந்தைத் தொடர்ந்து உண்டுவந்தார்கள் என்பதே இதில் பிரதானம். மஞ்சள் அங்கே மருந்துக்குத் துணையாக நின்றதேயன்றி, மருந்தின் ஸ்தானத்தில் நிற்கவில்லை. அளவும் முக்கியம். டில்லி எய்ம்ஸில் நாளுக்கு 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்த பரீட்சையில் பலன் காணவில்லை. மஞ்சள்தூளில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கே குர்குமின். ஆகையால் அந்த 2 கிராமைக் குழம்பிலிருந்து பெற நாளுக்கு 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும், நம் சட்டியில் விழுவதோ ஒரு தேக்கரண்டி. மாத்திரையாகக் கடையில் வாங்கி இஷ்டம்போல் விழுங்குவதும் தகாது. அத்தகைய மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதுண்டு.

மீனெண்ணெயின் சரித்திரம் வேறு. 1996இல் இத்தாலியில் 78 கிரோன் நோயாளிகளிடம் நடந்த பரீட்சை பெரும் நம்பிக்கையூட்டியது. 2008இல் வெளியான, 700 பேருக்கு மேல் பங்குகொண்ட இரண்டு பெரிய பரீட்சைகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. அதற்காக மீனை விலக்க வேண்டியதில்லை. நோயால் இளைத்த தேகத்துக்கு முள் நீக்கி வேகவைத்த மீன் நல்ல புஷ்டி. விலக்க வேண்டியவை வேறு. கடலுக்குப் போய்வந்த உடம்புவலிக்கு வைத்தியர் சீட்டின்றி வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளே தணிந்த அழற்சியை மீண்டும் கிளப்பக்கூடியவை.