பழைய ரேஸ் படகில் நடுக்கடலுக்குப் போகலாமா?

1970, 80-களில் கட்டப்பட்ட பந்தயப் பாய்மரப் படகுகள் ஐரோப்பாவில் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. வேகமும் உண்டு. ‘இவ்வளவு கம்மியா?’ என்று ஆசைப்படும் முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: கவிழ்ந்தால் நிமிருமா?

1979-ல் என்ன நடந்தது?

அந்த ஆகஸ்ட்டில் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. வழியில் புயல் தாக்கியது. 15 போட்டியாளர்கள் இறந்தனர்; 24 படகுகள் கைவிடப்பட்டன. சில படகுகள் தலைகீழாகப் புரண்டு, உடனே நிமிராமல் கிடந்தன.

படகில் என்ன சிக்கல்?

அன்றைய ஐ.ஓ.ஆர். என்ற அளவீட்டு விதியில் சலுகை பெற, பல படகுகளின் நடுப்பகுதி அகலமாகவும் பின்பகுதி குறுகலாகவும் கட்டப்பட்டது. எடை குறைந்த அகலமான படகு எளிதில் சாயாது. ஆனால் முழுசா கவிழ்ந்தால் அப்படியே மிதக்கவும் செய்யும். பின்காற்றில் தாறுமாறாக உருளும்.

அதே பந்தயத்தில், மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ‘அசென்ட்’ மட்டும்தான். ஒடுங்கிய உடல், கனமான அடிப்பாரம் கொண்ட கான்டெஸா 32 வகைப் படகு அது.

எதைப் பார்ப்பது?

எத்தனை டிகிரி சாய்ந்தாலும் நிமிரும் என்ற கணக்கைக் கேளுங்கள். 120-க்கு மேல் இருப்பது நல்லது. அடிப்பாரத்தைப் பிடித்திருக்கும் போல்ட், சுக்கான், மேல்தளத்துக்குள் ஊறிய ஈரம், பாய்மரத்தை இழுத்துக் கட்டிய கம்பிகள் ஆகியவற்றை சர்வேயரை வைத்துச் சோதியுங்கள். இவற்றைச் சரிசெய்யும் செலவு, படகின் விலையையே தாண்டலாம். அதையும் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா, இல்லையா என்று சொல்ல முடியும்.