உரைகல் – 9: பெயர் ஒன்று, மாற்று வேறு

கிராபிக்ஸ் கார்டின் பெயரில் முன்னால் வரும் எண் தலைமுறை, பின்னால் வருவது தகுதி என்று போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இருபதாயிரம் ரூபாய்க்குள் எந்தக் கார்டு கொடுத்த காசுக்கு உழைக்கும் என்ற பட்டியலை இந்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஒரு போட்டோ வந்தது. திங்கள் இரவுக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். இரண்டு நாளாக அந்தப் போட்டோவைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை.

எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி ஒரு பையன், டிப்ளமா படிக்கிறான். யாரோ ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். அதன் பவர் சப்ளை சிறியது, கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் வயர் கிடையாது. அவனுக்கு ஜிடி 1030 போதும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரு எஸ்.பி. ரோடு போய், கடையில் நின்றபடியே பெட்டியைப் படமெடுத்து அனுப்பினான்.

"அண்ணா, இதானே சொன்னீங்க? மத்த கடையவிட ஐந்நூறு கம்மி சொல்றாங்க. எடுத்துடட்டா?"

"பெட்டியத் திருப்பு. சைடுல சின்னதா எழுதியிருக்கும், அதை எடுத்து அனுப்பு."

வந்தது. 2 ஜிபி, டிடிஆர்4.

"வேணாம்டா, வெச்சுடு. ஜிடிடிஆர்5னு போட்ட பெட்டி இருக்கான்னு கேளு."

"ஒரு ஜி இல்லாததுக்காண்ணா?"

ஆமாம், அந்த ஒரு ஜிக்காகத்தான். 2017 மே மாதம் ஜிடி 1030-ஐ என்விடியா கொண்டுவந்தபோது அதில் இருந்தது ஜிடிடிஆர்5 மெமரி. முன்னால் நிற்கும் ஜி, கிராபிக்ஸைக் குறிக்கிறது. கிராபிக்ஸ் வேலைக்கென்றே செய்யப்படும் மெமரி அது. கார்டின் சிப்புக்கும் மெமரிக்கும் நடுவில் உள்ள பாதை 64 பிட் அகலம். ஒவ்வொரு பிட்டுக்கும் உரிய தடத்தில் நொடிக்கு 6 கிகாபிட் ஓடும். 64-ஐ 6-ஆல் பெருக்குங்கள், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுங்கள். 48 வரும். நொடிக்கு 48 கிகாபைட்.

2018 மார்ச்சில் இன்னொரு கார்டு வந்தது. பெயர் அதே ஜிடி 1030. சிப்புக்குள் வேலை செய்யும் கோர் அதே 384, அதே 64 பிட், அதே 2 ஜிபி. மெமரி மட்டும் டிடிஆர்4, அதாவது சாதாரணக் கம்ப்யூட்டரின் ராமில் இருக்கும் வகை. 6 இருந்த இடத்தில் 2.1 வந்தது. திரும்பக் கணக்குப் போட்டால் 16.8. சிப்பின் வேகத்தையும் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தவர்களுக்குப் பல விளையாட்டுகளில் ஏறக்குறைய பாதி வேகம்தான் கிடைத்தது.

4-க்கும் 5-க்கும் ஒரு படிதானே வித்தியாசம் என்று யாரும் நினைப்பார்கள். இந்த இரண்டு எண்களும் ஒரே ஏணியின் படிகளே கிடையாது. ஜிடிடிஆர்5 மெமரி முதலில் விற்பனைக்கு வந்தது 2008-இல், ஏஎம்டியின் எச்டி 4870 கார்டில். டிடிஆர்4 கடைக்கு வந்தது 2014-இல். எண்ணில் சிறியதாகத் தெரிவதுதான் வயதில் ஆறு வருடம் இளையது! எந்த வருடம் எது வந்தது என்று தேதிகளைத் தேடி எடுத்து வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம். புதியது, அதனால் வேகம் என்ற எண்ணமும், எண் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்ற எண்ணமும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன.

மெமரியின் வேகம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் ஊரை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். என் அப்பா, ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் வைண்டர் என்ஜின் பக்கம் வேலை பார்த்தவர். கீழே எத்தனை பேர் பாறை உடைத்தாலும், ஷாஃப்ட்டில் கல் சுமக்கும் ஸ்கிப் ஏறி இறங்கும் வேகத்துக்குத்தான் மேலே மில்லுக்குக் கல் வந்து சேரும் என்பார். கோர்கள் கீழே வேலை செய்யும் ஆட்கள், மெமரிப் பாதைதான் ஷாஃப்ட். 384 பேரை அப்படியே இறக்கிவிட்டு, ஸ்கிப்பின் ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் என்ன ஆகும்? ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அப்பா சொல்லும் இன்னொன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. கீழே நிற்பவர் முகம் வைண்டர் ஓட்டுபவருக்குத் தெரியாது. வருவது மணிச்சத்தம் மட்டும். இத்தனை அடித்தால் ஆள் ஏறுகிறார்கள், இத்தனை அடித்தால் கல் வருகிறது என்று சட்டமாக எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். பகல் ஷிஃப்ட்டானாலும் ராத்திரி ஷிஃப்ட்டானாலும் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் ஒன்றேதான். ஆளேற்றும் கேஜுக்குள் நிற்பவரின் உயிர் அதில் இருந்தது. கார்டின் பெயரில் யாருடைய உயிரும் இல்லை, உண்மை. ஆனால் ஒரு பையனின் ஐந்தாறு மாதச் சேமிப்பு இருக்கிறது. எண்ணுக்குப் பொருள் மாறக் கூடாது என்று கேட்பதில் தவறே இல்லை.

1030 தனி நிகழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். 2014-இல் வந்த ஜிடி 730-இல் ஒரே பெயரில் மூன்று வகை இருந்தது. ஒன்றில் பழைய பெர்மி தலைமுறைச் சிப், 96 கோர். மற்ற இரண்டில் கெப்ளர் சிப், 384 கோர், ஆனால் மெமரி வேறு வேறு. பெர்மிக்குப் புது டிரைவர் வருவது 2018-இல் நின்றது, கெப்ளருக்கு 2021-இல். ஒரே பெயர் போட்ட கார்டுகளில் ஒன்றுக்கு மூன்று வருடம் முன்பே ஆயுள் முடிந்துவிட்டது. ஏஎம்டியும் விலக்கு அல்ல. ஆர்எக்ஸ் 560 முதலில் வந்தபோது 1024 கோர். பிறகு 896 கோர் உள்ள கார்டும் அதே பெயரில் கடைக்கு வந்தது. 2017 டிசம்பரில்தான் இரண்டு வகை உண்டு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அண்மைக் காலத்தில் ஆர்டிஎக்ஸ் 3050. 2022 ஜனவரியில் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட், நொடிக்கு 224 கிகாபைட். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட், 168 கிகாபைட். பெட்டியைப் பார்ப்பவர் மெமரியில் 2 ஜிபிதான் குறைவு என்று நம்புவார். கோர், பிட், வேகம் மூன்றும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன. இருந்தாலும் 6 ஜிபி கார்டை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். 70 வாட்டில் ஓடும், தனி வயர் கேட்காது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருக அதைப்போல் ஒன்று கிடைப்பது அரிது. அந்தப் பையனிடம் இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். நல்ல கார்டு, அதற்குரிய பெயரைத்தான் கொடுக்கவில்லை.

2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. உள்ளே சிப்பே வேறு. ஒன்றில் 9728 கோர், மற்றதில் 7680. எதிர்ப்பு எழுந்தது. ஒரு மாதத்துக்குள் 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்ற பெயரில், அறிவித்த 899 டாலரிலிருந்து 100 டாலர் குறைந்து வந்தது. ஆக, பெயரைத் திருத்த முடியும், விலையையும் திருத்த முடியும். 899 டாலர் கார்டுக்குச் செய்ததை ஆறேழாயிரம் ரூபாய் கார்டுக்கு யாரும் செய்யவில்லை. ஜிடி 1030 டிடிஆர்4 இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. இதில்தான் எனக்குக் கோபம். பல கார்டு வாங்கிப் பழகியவரைவிட, வாழ்க்கையில் முதல் கார்டு வாங்குபவருக்குத்தான் பெயர் தெளிவாக இருக்க வேண்டும்.

எங்கள் சுரங்கத்தில் பெயரை நம்பி யாரும் கணக்கு எழுதியதில்லை. ஆரம்ப காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கொடுத்த வயல் இது. 2001 பிப்ரவரி 28-இல் மூடும் காலத்தில் 4 கிராமுக்கும் கீழே வந்திருந்தது. சாம்பியன் ரீஃப் என்ற பெயர் முதலிலும் அதுதான், கடைசியிலும் அதுதான். அதனால்தான் கல்லை எடுத்துப் பொடித்து, சோதித்து, மாற்றுப் பார்த்தார்கள். நகைக்கடையில் 916 முத்திரையைத் தேடுகிறோமே, அதுபோல கார்டுக்கு முத்திரை இல்லை. நாமே உரசிப் பார்க்க வேண்டும். கடையில் பெட்டியின் பக்கவாட்டில் மெமரி வகையையும் எத்தனை பிட் என்பதையும் படியுங்கள். வீட்டில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் மெமரி வகை, பாதையின் அகலம், நொடிக்கு எத்தனை கிகாபைட் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். ஒரே குடும்பத்துக் கார்டுகளுக்குள் ஒப்பிடத்தான் இந்த உரைகல். ஆர்டிஎக்ஸ் 4060-இல் நொடிக்கு 272 கிகாபைட், அதற்கு முந்தைய 12 ஜிபி 3060-இல் 360, ஆனாலும் பெரும்பாலான விளையாட்டுகளில் 4060 முந்துகிறது. காரணம், 4060-இன் சிப்புக்குள்ளேயே கேஷ் என்ற உள்மெமரியைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். அதை எழுத ஒரு வாரம் தனியாக வேண்டும்.

அடுத்த வாரம் பட்டியல். அதற்குமுன் ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்ற பெயரை உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 580 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது 570-இன் 2048 கோர்கள். இந்தக் கார்டுகளில் பல, கிராபிக்ஸ் கார்டுகளை வைத்துச் செய்த எத்தீரியம் நாணயத்தின் மைனிங் 2022 செப்டம்பர் 15-இல் நின்ற பிறகு கைமாறி வந்தவை. மைனிங் நின்றுபோன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பது எங்கள் ஊருக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

பையன் மூன்றாவது கடையில் ஜி போட்ட பெட்டியைப் பிடித்துவிட்டான். எழுநூறு ரூபாய் கூட. சாயங்கால ரயிலில் நின்றுகொண்டே வந்து, ராத்திரி பத்து மணிக்குக் கார்டைச் செருகி, ஜிபியு-இசட்டைத் திறந்து போனில் வாசித்தான். "நாப்பத்தெட்டு பாயிண்ட் ஒண்ணுண்ணா."