வினாவுக்கும் ஓர் எல்லை



என் இளமையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் நெல்வயல்கள் இருந்தன. வயலுக்கு வயல் வரப்பு உண்டு. வரப்பு பகைமையின் அடையாளமன்று. அது இருந்ததனாலேயே பக்கத்து வயல்காரர்கள் பூசலின்றி வாழ்ந்தனர். கல்லூரியை விட்டு வெளியேறப்போகும் உங்களுக்கும் இரண்டு இடங்களில் அத்தகைய வரப்பு வேண்டும். ஒன்று நேர்முகத் தேர்வு, மற்றொன்று காதல்.

சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற சி. பி. முத்தம்மா 1949-இல் இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி ஆவார். தேர்வுக் குழு அவரைத் தடுக்கவே முயன்றது. மணம் புரிந்தால் பதவி விலகுவதாக அவர் எழுதிக்கொடுக்க நேர்ந்தது. ஆடவர்க்கு அந்த நிபந்தனை இல்லை. பிற்காலத்தில் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடக்கையிலேயே உயர்வு கிடைத்தது. எனினும், பெண்களின் திருமணத்துக்கு மட்டும் தடை விதித்த விதிகளை 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் வன்மையாகக் கண்டித்தார்.

1991-இல் நீரா மாத்தூர் வழக்கு வந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் படிவம் பெண்களிடம் மாதவிலக்கு, கருத்தரிப்பு பற்றியெல்லாம் கேட்டது. விவரத்தை மறைத்தார் என்று பணிநீக்கப்பட்ட அவரை உச்ச நீதிமன்றம் மீண்டும் பணியில் அமர்த்தியது. அவ்வினாக்களை நீக்கவும் சொல்லியது.

வேலை தருவோர் உங்கள் கல்வியை, திறமையை, இரவுப் பணிக்கு வர இயலுமா என்பதைக் கேட்கலாம். “திருமணம் எப்போது?” என்பது அவர்க்கு உரிய வினாவன்று. “ஐயா, இவ்வேலையின் நேரமும் பொறுப்பும் எனக்கு ஒத்துவரும்” என்று பணிவாகச் சொல்லி நிறுத்துங்கள். அதனால் ஒரு வேலை கைநழுவவும் கூடும். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று ஒருவர் விடை சொல்லிவிட்டால், குற்றம் அவருடையதன்று, கேட்டவருடையதே.

காதலில் வரப்பிடுதல் இன்னும் கடினம். ஏனெனில் கேட்பவர் அன்புக்குரியவர். அரசு அன்று தாளில் எழுதி வாங்கிய நிபந்தனையை இன்று காதலர் வாய்மொழியாகக் கேட்பதுண்டு: “மணத்துக்குப்பின் வேலையை விட்டுவிடு.” கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பதும், நண்பர்களை விலக்கச் சொல்வதும் அவ்வினமே. அன்பு இருந்தால் எல்லை எதற்கு என்பார்கள். அன்பு இருக்குமிடத்தில்தான் எல்லை மதிக்கப்படும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். ‘வேண்டாம்’ என்ற பெண்ணை விடாது பின்தொடர்வதைத் திரைப்படங்கள் காதலென்று காட்டலாம். சட்டம் அதனை 2013 முதல் தனிக் குற்றமாகவே கொண்டுள்ளது.

ஒருவரை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பழக்கத்தின் தொடக்கத்திலேயே சிறிய மறுப்பொன்றைச் சொல்லுங்கள். முகம் கோணாமல் ஏற்கிறாரா என்று பாருங்கள். பிறர் உங்களிடம் மறுப்புச் சொல்லும்போது நீங்களும் அவ்வாறே ஏற்றுக்கொள்ளுங்கள்.